பதினைந்தாவது படிவம்

மனித குலம் விரல் வைத்து எண்ணிய காலம் அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணியோடு முடிவுக்கு வந்தது. அதை அறிவித்தவன் தானா. அறிவித்த இடம், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தின் ஆய்வகம். அறிவிப்பைக் கேட்டவர்கள் மொத்தம் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“இனிமே இந்த ரூம்ல யாரும் எதையும் எண்ண வேண்டியதில்லை,” என்றான் தானா. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. “திறந்து பாக்க வேண்டியதில்லை. டிக் அடிக்க வேண்டியதில்லை. மனுசன் எதுக்கு எண்ணறான்? சந்தேகம் இருக்கறதால. சந்தேகம் எதுக்கு வருது? கையால செய்யறதால. கையை எடுத்துட்டா சந்தேகமும் போச்சு. அன்னைக்குத் தரையிலேருந்து கையை எடுத்தான், குரங்கு மனுசனாச்சு. இன்னைக்கு நான் மௌஸ்லேருந்து கையை எடுத்திருக்கேன்.”

“முடிஞ்சுதா?” என்றார் நிலையத் தலைவர். எதைப் பற்றியும் அவர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த சாயங்காலமும் அவளிடம் இதைத்தான் கேட்டார் என்று பேச்சு.

“முடிஞ்சுது சார். நாப்பதும் பச்சை.”

தலைவர் திருப்தியோடு கிளம்பினார். கொட்டாவி விட்டவர் மட்டும் நின்றார். அவர் ஆய்வகப் பொறுப்பாளர். பதினாறு வருடமாக அந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அதோடு தானாவின் அக்காவைக் கட்டியவர். தானா குடியிருந்ததும் அவர் வீட்டில்தான். ஆகவே பகலில் அலுவலகத்தில் தானாவின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு, மாலையில் வீட்டில் அதன் தொடர்ச்சியைக் கேட்கும் பேறு பெற்றவர் உலகத்தில் அவர் ஒருவரே.

தானா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவன், எதைக் கேட்டாலும் “அது தானா நடக்கும்” என்று சொல்லிச் சொல்லி, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. “தானா எங்கே?” என்று யாராவது கேட்டால், “தானா வரமாட்டான், கூப்பிட்டாத்தான் வருவான்,” என்று யாராவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. எட்டு மாதமாக எல்லாரும் அதைச் சொல்லி எல்லாரும் சிரித்தாகிவிட்டது. இப்போது சிரிப்பில்லாமல் சொல்கிறார்கள்.

ஆய்வகத்தில் நாற்பது கணினிகள். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே மருத்துவமனைப் பதிவேட்டு எழுத்தர் தேர்வு. தேர்வு எழுதுகிறவர்கள் நிலையத்தின் கணினியை நேரடியாகத் தொடக்கூடாது என்பது தேர்வு வாரியத்தின் விதி. அதனால் ஒவ்வொரு கணினிக்குள்ளும் விஎம் என்று இன்னொரு பொய்க் கணினியை உண்டாக்க வேண்டும். திரையில் ஒரு ஜன்னலுக்குள் முழுசாக ஒரு கணினி ஓடும். தேர்வு முடிந்ததும் கலைத்துவிடலாம். அத்தான் அதை உள்வீடு என்பார். “உள்வீடு கட்டியாச்சு, இன்னும் சாமான் இறக்கல,” என்றால், விஎம் தயார், அதற்குள் கோப்புகளை நகலெடுத்து வைக்கவில்லை என்று பொருள்.

சாமான் என்பது ‘படிவங்கள்’ என்ற ஒரு ஃபோல்டர். உள்ளே பதினான்கு வெற்றுப் படிவங்கள். நோயாளி சேர்க்கை, மருந்துக் குறிப்பு, வெளியேற்றச் சீட்டு, இப்படி. கேள்விகள் காலையில் காகிதத்தில் வரும். விடைகளை இந்தப் படிவங்களில் நிரப்பவேண்டும்.

இத்தனை வருடமும் அத்தான்தான் சாமான் இறக்கினார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பென் டிரைவ் தொங்கும். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, உள்வீட்டைத் திறந்து, ஃபோல்டரைப் போட்டு, பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து, திரையில் ஆட்காட்டி விரலை வைத்து, உதடு அசைய, ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணுவார். பிறகு ஒரு நீள நோட்டில் மூன்று கட்டங்களில் டிக் அடிப்பார்: போட்டேன், திறந்தேன், எண்ணினேன். உள்வீடு கட்டுவதிலிருந்து டிக் அடிப்பதுவரை, நாற்பது கணினிக்கு ஒரு முழு நாள். அந்த நாளின் மாலையில் அவர் தோள்பட்டை காதுவரைக்கும் ஏறியிருக்கும்.

“மணி கட்டின மாடு மாதிரி இருக்கீங்க அத்தான்,” என்று தானா சொன்னான்.

“மணி கட்டினா மாடு தொலையாதுடா மச்சான்,” என்றார் அவர், டிக் அடித்துக்கொண்டே.

தானா வந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். ஒரு கட்டளை கொடுத்தால், நாற்பது உள்வீடுகளும் தாமாகவே கட்டப்படும். சாமானும் தானாகவே இறங்கும். முடிந்ததும் தானாவின் திரையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்து நாற்பது முறை வரும். செவ்வாய்க்கிழமை அதை முதன்முதலாக ஓட்டினான். நாற்பது வெற்றி. அன்றே அத்தானின் நோட்டுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. ஓய்வு என்றால், அச்சு இயந்திரம் வைத்த மேசையின் ஒரு கால் குட்டை. தானா அந்த நோட்டை மடித்து அதன் கீழே வைத்தான். மேசை ஆடுவது நின்றது. “இப்பதான் இந்த நோட்டு ஒரு உருப்படியான வேலை பாக்குது,” என்றான்.

வியாழன் காலை வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: படிவங்களில் திருத்தம். எல்லாப் படிவத்திலும் ‘ஒவ்வாமை’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம், பழையதை நீக்கிப் புதியதை வைக்கவும், பழைய படிவத்தில் எழுதிய விடைத்தாள் செல்லாது. பெயர்கள் அதேதான், எண்ணிக்கையும் பதினான்கேதான். தானா அலட்டிக்கொள்ளவில்லை. வீட்டை இடித்துக் கட்டத் தேவையில்லை, சாமான் இறக்குகிற வரியை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும், புதுசு பழசின்மேல் உட்கார்ந்துவிடும். ஓட்டினான். பதினொன்று பதினைந்துக்கு நாற்பதாவது பச்சை வந்தது. மனித குலத்துக்கான அறிவிப்பு அப்போது வெளியானதுதான்.

“ஒண்ணே ஒண்ணையாவது திறந்து பாக்கட்டுமா?” என்றார் அத்தான்.

“பச்சை வந்திருக்கு அத்தான்.”

“பச்சை வந்திருக்குடா. இருந்தாலும்...”

“இந்த ‘இருந்தாலும்’தான் அத்தான் உங்க வியாதி.”

அத்தான் இன்னொரு கொட்டாவி விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனார். கீழே மெத்தைக் கடை வாசலில் ஒரு இரட்டை மெத்தையை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தினம் இரண்டு தடவை அந்த மெத்தைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். இதைவிடக் கொடுமையான வாசல் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம்.

*

அன்று மாலை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை, வாரியத்தின் உத்தரவு.

மறுநாள் தேர்வு எழுதப்போகிறவர்களில் அக்காவும் ஒருத்தி. நிலையத்தில் வேலை பார்க்கும் உறவினர்கள் தேர்வுக்கு முந்தைய நாளிலிருந்து அவளோடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தானா படிக்காமல் போட்டான். அத்தான் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார். படித்துப் போட்டவர் என்பதால் அவர் அதைக் கடைப்பிடிக்கவும் செய்தார்.

அக்கா பதினோரு வருடமாக ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் இஸ்திரி மேசையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், நின்றபடி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணுக்கால் எது பாதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் தேர்வில் தேறினால் ஏதாவது ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் உட்கார வைப்பார்கள். சம்பளம், பதவி எல்லாம் அப்புறம். அவள் இந்த உலகத்திடம் கேட்டது ஒரு நாற்காலி. இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை தவறியது அவளால். இரண்டாவது தடவை வேறொரு நிலையத்தில், பாதியில் கணினி நின்றுபோனது. அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான். இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே மூன்றாவதுதான் கடைசி.

வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டுக்கொண்டு அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசினாள்.

“ஃப்ரிட்ஜே, வந்தவங்களைக் கை கழுவிட்டு உக்காரச் சொல்லு.”

இருவரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள்.

“ஃப்ரிட்ஜே, நாளைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாத்து எடுத்துட்டுப் போகச் சொல்லு. போன மாசம் ஒருத்தர் என் பொத்தான் டப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டு, மத்தியானம் போன் பண்ணி, ‘என்னக்கா இன்னைக்குச் சமையல் ரொம்பக் கடினமா இருக்கு’ன்னு கேட்டார்.”

அத்தான் சிரித்துவிட்டு, சிரிப்பதும் பேச்சில் சேருமா என்று யோசித்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

வாளித் தண்ணீர் ஆறிப்போயிருக்க வேண்டும். அக்கா காலை எடுக்கவில்லை.

“ஃப்ரிட்ஜே,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கு மெஷினெல்லாம் ஒழுங்கா இருக்குமான்னு கேட்டுச் சொல்லு. போன தடவை மாதிரி ஆச்சுன்னா என்கிட்ட இனிமே தெம்பில்ல.”

அத்தான் தானாவைப் பார்த்தார். தானா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, மிகுந்த மரியாதையோடு ஃப்ரிட்ஜிடம் சொன்னான்:

“தானா இருக்கும்னு சொல்லுங்க.”

*

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, தேர்வைக் கண்காணிக்க வாரியத்து அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த வாரத்தில் இது அவருக்கு நான்காவது நிலையம். வந்தவுடன் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து சீல் ஒட்டும் சுருளை எடுத்து வைத்தார். ஒன்பது மணிக்கு, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் வயர்களை ஸ்விட்ச் பெட்டியிலிருந்து பிடுங்கி, பெட்டியை மூடி, மேலே சீல் ஒட்டினார். தேர்வு முடியும்வரை எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் பேசக்கூடாது. அக்கா வீட்டு விதிதான். இங்கே ஃப்ரிட்ஜ் மட்டும் கிடையாது.

“பத்து மணிக்கு நாப்பதும் தயாரா இருக்கணும்,” என்றார். “ஒண்ணு இல்லேன்னாலும் இந்த நிலையத்துக்கு இந்தத் தடவை தேர்வு ரத்து. எல்லாரும் அடுத்த வருசம். யார் எந்தச் சீட்டுன்னு ஒன்பது அம்பதுக்கு வாசல்ல குலுக்கிப் போட்டுத் தருவேன்.”

“முடிஞ்சுதா?” என்று கதவோரமாக நின்று கேட்டார் நிலையத் தலைவர்.

“நேத்தே முடிஞ்சுது சார்,” என்றான் தானா.

தலைவர் போய்விட்டார். தானா நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடினான். மூன்று வாரமாக ஞாயிறு கிடையாது. ஸ்கிரிப்ட் எழுதினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்திருந்தான். ஸ்கிரிப்ட் எழுதவே ஓய்வெல்லாம் போய்விட்டது. நாற்பது கணினியின் மின்விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்தன.

அத்தானுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் பதினேழாம் எண் கணினியில் போய் உட்கார்ந்தார். தானா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். விரல் திரையில் இருந்தது. உதடு அசைந்தது.

“அத்தான், விரல் தேஞ்சிரப் போகுது.”

அத்தான் மறுபடி மேலேயிருந்து விரலை வைத்து வந்தார்.

“மச்சான், பதினஞ்சு வருது.”

“மறுபடி எண்ணுங்க.”

“மூணு தடவை எண்ணிட்டேன். மூணு தடவையும் பதினஞ்சு.”

“அதிகமாத்தானே இருக்கு, குறையலியே?” என்று சொல்லிக்கொண்டே தானா எழுந்தான்.

படிவங்கள் ஃபோல்டருக்குள் பதினான்கு படிவங்கள் வரிசையாக இருந்தன. பதினைந்தாவது, படிவமே இல்லை. அது ஒரு ஃபோல்டர். பெயர்: படிவங்கள்.

தானா ஒரு படிவத்தைத் திறந்தான். ஒவ்வாமை கட்டம் இல்லை. பழையது. பிறகு உள்ளே இருந்த படிவங்கள் ஃபோல்டருக்குள் போய் ஒன்றைத் திறந்தான். ஒவ்வாமை கட்டம் இருந்தது.

அவனுக்கு உடனே புரிந்தது. அதுதான் கொடுமை, இன்னும் கொஞ்ச நேரம் புரியாமல் இருந்திருக்கலாம். ஸ்கிரிப்டில் எந்த ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும் என்று எழுதிய இடத்தில், பெயருக்குக் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால், பெட்டிக்குள் இருப்பதை மட்டும் கொட்டு என்று பொருள். போடாவிட்டால், பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் வை. தானா போடவில்லை. செவ்வாய்க்கிழமை உள்வீட்டில் அப்படி ஒரு பெட்டியே இல்லாததால், பெட்டி போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. வியாழக்கிழமை அங்கே ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. இயந்திரம் புதுப் பெட்டியைப் பழைய பெட்டிக்குள் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த நிம்மதியோடு, பச்சையில் ‘வெற்றி’ என்றது. பொய் சொல்லவில்லை. நாற்பது தடவையும்.

“என்னடா?” என்றார் அத்தான்.

“பெட்டிக்குள்ள பெட்டி போயிடுச்சு அத்தான்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

மணி ஒன்பது ஐந்து. சாய்கோட்டைப் போட்டு மறுபடி ஓட்டினால் பத்து நிமிட வேலை. ஆனால் வயர் சீலுக்குள் இருந்தது.

தானா நின்ற இடத்திலேயே நின்றான். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு யோசனை, களைத்துப்போன ஆளின் தோளில் கைபோட்டு உட்கார வைக்கும் சிநேகிதனைப்போல, வந்து கூப்பிட்டது. பழைய படிவமும் படிவம்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விடை திருத்தும்போதுதான் தெரியும். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த மூன்று வாரமும் அக்கா தேறிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு இஸ்திரி மேசையில் நிற்பாள்.

அவன் வாரியத்து அம்மாவிடம் போனான்.

“மேடம், நாப்பதுலயும் பழைய படிவம் மேல இருக்கு. புதுசு உள்ள மாட்டிக்கிச்சு. என் தப்பு. அந்தச் சீலைப் பிரிச்சா...”

அவர் சீலைப் பார்த்தார், பிறகு தானாவைப் பார்த்தார், பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.

“சீலைப் பிரிச்சா மூணு பக்கம் அறிக்கை எழுதணும் தம்பி. அதை மேலே அனுப்பி அனுமதி வரணும். அனுமதி வர திங்கக்கிழமை ஆயிடும்.”

“உள்ள மாட்டினதை ஒவ்வொண்ணுலயும் வெளிய நகர்த்திடறேன் மேடம்.”

“உள்ள இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. சீல் வச்சதுக்கு அப்புறம் ஒரு கோப்பு போகணும்னா, வாரியத்துப் பென் டிரைவ்லேருந்துதான் போகணும். கையால.” கைப்பைக்குள் துழாவி ஒரு உறையை எடுத்துக் கிழித்தார். உள்ளே இரண்டு பென் டிரைவ். “ஒண்ணு அசல், ஒண்ணு மாத்து. பழசை அழிச்சிட்டு இதைப் போடுங்க. அதுக்கு ஒரு பக்கம் எழுதினாப் போதும்.” பேனா மூடியைக் கழற்றும்போதே அவருக்கு அலுத்துவிட்டது.

மணி ஒன்பது பன்னிரண்டு.

‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்வதற்கு மனித வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் அமையாது. அத்தான் அதைப் பயன்படுத்தவில்லை. அசலை எடுத்துத் தன் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார். அச்சு இயந்திர மேசையிடம் போய்க் குனிந்து, காலடியிலிருந்த நோட்டை உருவினார். மேசை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

“நான் ஒண்ணுலேருந்து வரேன். நீ நாப்பதுலேருந்து வா,” என்றார். “பழசை முழுசா அழி. அப்புறம் போடு. போட்டதும் திற.”

தானா நாற்பதாம் எண்ணில் உட்கார்ந்தான். பென் டிரைவைச் செருகினான். அது வெளிக் கணினியில் தெரிந்தது, உள்வீட்டில் தெரியவில்லை. உள்வீட்டுக்கு அதைக் கொடுக்க ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒன்றை அழுத்த வேண்டும். ஸ்கிரிப்டில் அதற்கு இருபது வழி அவனுக்குத் தெரியும். கையால் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

“அத்தான், பென் டிரைவை உள்ள காட்டறது எங்க?”

“மேல, இடது பக்கம், மூணாவது,” என்றார் அத்தான் நிமிராமல். அதற்குள் அவர் இரண்டாம் எண்ணுக்குப் போயிருந்தார்.

தானாவுக்கு நாற்பதாம் எண் முடிய ஆறு நிமிடம் ஆனது. திறந்து பார்க்க நேரமில்லை என்று அடுத்ததற்கு ஓடினான். முப்பத்தொன்பது நான்கு நிமிடம். முப்பத்தெட்டு மூன்றரை. முப்பத்தேழில் போய் உட்கார்ந்தபோது கையில் பென் டிரைவ் இல்லை. சட்டைப் பையைத் தட்டினான். கால்சட்டைப் பையைத் தட்டினான். மேசைக்கு அடியில் தவழ்ந்தான். அது முப்பத்தெட்டிலேயே செருகியிருந்தது. திரும்பி வந்து உட்காருமுன், கழுத்து நாடாவிலிருந்து தன் அடையாள அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த நாடாவில் பென் டிரைவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டான். அத்தான் ஒரு கணம் பார்த்தார். மணி பற்றியோ மாடு பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

முப்பத்தேழில் போட்டுவிட்டுத் திறந்து பார்த்தான். ஒன்றுக்கு மட்டும் தேதி பழசு, பழைய படிவம் ஒன்று மிச்சமிருந்தது. அவசரத்தில் அது ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத்தான் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறான். புதியதைப் போடும்போது, அதே பெயரில் ஒன்று இருக்கிறதே, விட்டுவிடட்டுமா என்று கணினி கேட்டிருக்கிறது. இவனும் சரி என்று அழுத்தியிருக்கிறான். பார்த்திராவிட்டால் தெரிந்திருக்காது. அதை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அப்போதுதான் முந்தைய மூன்றும் நினைவுக்கு வந்தன.

அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பிப் போக நேரமில்லை. முப்பத்தாறு, முப்பத்தைந்து. ஒவ்வொரு கணினியும் அக்காவின் கணினியாக இருக்கலாம். எது என்று தெரிந்திருந்தால் அது ஒன்றை மட்டும் பத்துத் தடவை பார்த்துவிட்டு மற்றதைப் பச்சையின் பொறுப்பில் விட்டிருப்பான். இப்போது நாற்பதுமே அவளுடையதாகிவிட்டது. முப்பத்திரண்டாம் எண்ணின்போது தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியிருப்பதைக் கவனித்தான். இருபத்தெட்டில் கண் எரிந்தது. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. ஏழா, எட்டா? அவன் வேறு வழியில்லாமல் திரையில் விரலை வைத்தான்.

இருபத்தாறில் அத்தான் எதிரே வந்து நின்றார். அவர் இருபத்தைந்தை முடித்திருந்தார்.

“இதோட சரி,” என்றான் தானா. மணி ஒன்பது நாற்பத்தொன்பது.

அத்தான் நோட்டை நீட்டினார். அவருடைய இருபத்தைந்துக்கும் மூன்று மூன்று டிக். அதற்குக் கீழே தானாவின் பதினைந்து வரிகள் வெறுமையாக இருந்தன. பென்சில் நூலில் தொங்கியது.

“நான் கதவுல நிக்கறேன்,” என்றார் அத்தான். “நீ உன்னோடதைப் போட்டுட்டு வா.”

தானா முப்பத்தேழு முதல் இருபத்தாறு வரை டிக் அடித்தான். போட்டேன், திறந்தேன், எண்ணினேன். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு ஆகிய மூன்றுக்கும் ‘போட்டேன்’ மட்டும் அடித்தான். மற்ற இரண்டு கட்டத்துக்கும் பென்சில் போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன் இதே பென்சிலை அவன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தான்.

வாசலில் குலுக்கல் நடந்தது. ஒவ்வொருவராகச் சீட்டோடு உள்ளே வந்தார்கள். அக்கா பழுப்பு நிறப் புடவையில், பாதம் பிதுங்கும் செருப்போடு வந்தாள். அத்தானைத் தாண்டும்போது நேராகப் பார்த்துக்கொண்டே போனாள். அத்தானும் அவளைப் பார்க்காமல் கதவின் கீலைப் பார்த்தார். உலகத்தில் எந்தக் கீலும் அவ்வளவு பிரியத்தோடு பார்க்கப்பட்டிருக்காது. அக்கா ஏழாம் எண்ணுக்குப் போனாள். அத்தான் போட்ட ஏழு. நாற்காலியை இழுத்தாள், உட்கார்ந்தாள், செருப்புக்குள்ளிருந்து குதிகாலை மெல்ல வெளியே எடுத்தாள்.

தானாவின் நெஞ்சிலிருந்து காற்று மொத்தமும் வெளியேறியது. இனி அவன் போய்விடலாம். கீழே மெத்தைக் கடை திறந்திருக்கும்.

அவன் நாற்பதாம் எண்ணுக்குப் போனான். இன்னும் யாரும் வரவில்லை. ஃபோல்டரைத் திறந்து தேதிகளைப் பார்த்தபடி எண்ணினான். பதினான்கு. ஒரு படிவத்தைத் திறந்தான். ஒவ்வாமை கட்டம் இருந்தது. முப்பத்தொன்பதிலும் பதினான்கு, எல்லாம் புதுத் தேதி. இரண்டுக்கும் மீதி டிக்குகளை அடித்தான்.

“பத்து மணிக்கு நீங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கணும்,” என்றார் குலுக்கலை முடித்து வந்த வாரியத்து அம்மா, அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமல்.

முப்பத்தெட்டில் ஏற்கெனவே ஒருவர் வந்து நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கலாம். சட்டைக் கை முழுக்க இயந்திர எண்ணெய்க் கறை. சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“தம்பி, நான் உக்காரலாமா?”

“ஒரு நிமிசம்ணே.”

“ஏதாவது பிரச்சினையா?”

“ஒண்ணுமில்லண்ணே. சும்மா.”

தானா நாற்காலியின் விளிம்பில் ஒட்டியபடி உட்கார்ந்தான். ஃபோல்டரைத் திறந்தான். ஆட்காட்டி விரலைத் திரையின் உச்சியில் வைத்து, உதடு அசைய, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினான். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. எல்லாம் புதுத் தேதி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நோட்டை மடியில் விரித்து, பென்சிலை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக் அடித்தான். மூன்றாவது கட்டத்துக்கு மேலே பென்சில் நின்றது.

நின்றிருந்தவர் கால் மாற்றி நின்றார். தானா விரலை மறுபடி மேலே கொண்டுபோய் வைத்தான்.

“ஒண்ணு,” என்றான்.